மாமாவின் காற்றுக் கணக்கு

மாமா லீவில் ஊருக்கு வந்தால் அப்புச்சியிடம் முதலில் விசாரிப்பது காற்றைத்தான். மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்பதெல்லாம் அதற்கப்புறம். ஆடி மாதமாக இருந்தால் அப்புச்சிக்குச் சொல்ல நிறைய இருக்கும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து கிழக்கே பாய்கிற காற்று அன்னூர் மேட்டுக்காட்டுப் புழுதியை வாரிக்கொண்டு வரும். வாழையிலை நார்நாராகக் கிழியும். சாளையின் மேற்குக் கதவைத் திறக்க முடியாது. "மேக்கால காத்துடா, நிக்கவே மாட்டீங்குது" என்று அப்புச்சி அலுத்துக்கொள்வார். மாமா வாசலில் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பனையோலை அசைவதைப் பார்த்துவிட்டு, "இருவத்தஞ்சு நாட் இருக்கும்" என்பார்.

"நாட்னா என்னுங் மாமா?"

"ஒரு மணி நேரத்துல ஒரு கடல் மைல் போனா ஒரு நாட். கடல் மைலுங்கிறது நம்ம மைலைவிடக் கொஞ்சம் பெருசு கண்ணு, 1,852 மீட்டர்."

அது 1990-களின் நடுப்பகுதி. எங்கள் வீடு அன்னூர் ஊருக்குள். அப்புச்சியின் தோட்டம் சத்தி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஆனால் ஆடிக்காற்றை எனக்கு நன்றாகத் தெரியும். அதை எதிர்த்து சைக்கிள் மிதித்திருக்கிறேன், அது பின்னாலிருந்து தள்ளும்போது பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். மாமா எனக்குக் கடலைச் சொல்லிக் கொடுத்தது அந்தக் காற்றை வைத்துத்தான்.

மாமா விமானப்படையில் ஏஎன்-32 ஓட்டினார். உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணைப் பக்கம், 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளி இருக்கிறது. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததோடு அப்புச்சியின் வேலை முடிந்தது. கடக்வாஸ்லா, துண்டிகல், எலகங்கா என்று அதற்கப்புறம் மாமா தானாகவே போய்க்கொண்டார். இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த இரண்டு எஞ்சின்களோடு அவருடைய விமானத்தின் படம் ஒன்று சாளைச் சுவரில் மாட்டியிருந்தது. ஓடுபாதையில் கிடக்கிற கல்லும் மண்ணும் புரொப்பெல்லரில் அடிபடாமலிருக்க அப்படி உயர்த்தி வைத்தது என்று காட்டுவார். நம்முடைய வெயிலுக்கும் இமயமலை உயரத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்று இந்தியாவின் தேவைக்காகவே சோவியத் நாட்டில் வடிவமைத்த விமானம் அது. நம் விமானப்படை நூற்றுக்கு மேல் வாங்கியது. சட்லெஜ் என்று நதியின் பெயரும் வைத்தது.

எங்களுக்குத் தெற்கே சூலூர், இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் நின்ற தளம். நம் கடற்படையின் ஐஎன்எஸ் ஹன்சா 1961-இல் அங்கேதான் தொடங்கியது. கோவா நம் கைக்கு வந்த பின், 1964-இல் தபோலிமுக்கு இடம் மாறியது. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அமுச்சி கேட்கும்போதெல்லாம் மாமா இந்தக் கதையை எடுத்து வைப்பார். கப்பலிலிருந்து கிளம்ப வேண்டிய சீ ஹாக் விமானங்களை எங்கள் பருத்திக்காட்டுக்கு மேலே பறந்துதான் பழகினார்கள் என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் களத்தில் கயித்துக்கட்டில் போடுவார்கள். அமுச்சி கடலக்காய் வறுத்து முறத்தில் கொண்டுவந்து வைப்பாள். சித்தி பிள்ளைகளும் நானும் மாமாவைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். தாம்பரத்தில் கிளம்பி வங்காள விரிகுடாவைத் தாண்டி அந்தமானுக்குப் போகும் கதை அப்போதுதான் வரும்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கரை பின்னால் போய்விடும். பிறகு மூன்று மணி நேரத்துக்குக் கீழே தண்ணீர்தான். வெயில் ஏறினால் சின்னச் சின்ன மேகங்கள் கடலின் மேல் நிழல் போடும். கரும்பச்சையாக, ஓரம் வளைந்து, ஒவ்வொரு நிழலும் பார்வைக்குத் தீவாகவே இருக்கும். புதிதாக வருகிற பைலட் சந்தோஷமாகக் கையை நீட்டுவானாம். பக்கத்தில் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. நிஜத் தீவை அடையாளம் காண மாமா சொன்ன வழி எனக்கு இன்றும் மறக்கவில்லை. மற்ற மேகமெல்லாம் காற்றோடு நகர்ந்துகொண்டிருக்க, ஒரு மேகம் மட்டும் இடத்தை விட்டு அசையாமல் நிற்கும். அதற்கடியில் தரை இருக்கிறது. தரை சூடேறி ஆவி எழும்பி அந்த மேகத்தை அங்கேயே கட்டிப்போட்டு வைக்கும். இன்னும் கிட்டே போனால் பவளப்பாறைக்கு உள்ளே தேங்கிய இளம்பச்சைத் தண்ணீர் மேகத்தின் அடிவயிற்றில் மினுங்கும்.

"அந்தப் பச்சையப் பாத்ததும்தான் மூச்சு வரும் கண்ணு. அதுவரைக்கும் ஒருத்தனும் பேச மாட்டான்."

காற்றுக் கணக்கைச் சொல்லிக் கொடுத்த ராத்திரியும் நினைவிலிருக்கிறது. செங்கல் துண்டை எடுத்துக் களத்தின் சிமெண்டுத் தரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு இழுத்தார். இந்த முனை சென்னை, அந்த முனை போர்ட் பிளேர். நடுவில் 1,370 கிலோமீட்டர். ஒரு கடலக்காயைக் கோட்டின் மேல் வைத்தார். அதுதான் விமானம். காற்றே இல்லாவிட்டால் மணிக்கு 450 கிலோமீட்டர் போகும். இப்போது மேற்கிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. போகும்போது தள்ளிவிடும், ஆகவே 500. திரும்பி வந்தால் எதிர்க்காற்று, 400. நடுக்கடலில் ஏதோ ஒரு கோளாறு. எந்தப் பக்கம் போனால் சீக்கிரம் தரையைத் தொடலாம்?

பாதிவழி, அதாவது 685 கிலோமீட்டர் வரைக்கும் திரும்பலாம் என்று யாருக்கும் தோன்றும். மாமா கடலக்காயைப் பாதிக்கு முன்னாலேயே, 609-இல் நிறுத்தினார். அங்கிருந்து சென்னைக்கு 609 கிலோமீட்டர், நானூறால் வகுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் கூட. போர்ட் பிளேருக்கு 761 கிலோமீட்டர், ஐந்நூறால் வகுத்தால் அதே நேரம். அதைத் தாண்டிவிட்டால், சென்னை கிட்டே இருந்தாலும் அந்தமானுக்குப் போவதுதான் சீக்கிரம். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் கதை தலைகீழ். அந்தப் புள்ளி 761-க்குப் போய்விடும். என் கணக்கு நோட்டில் அதை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். காற்றின் வேகத்தை மாற்றி மாற்றிப் போட்டால் அந்தப் புள்ளி கோட்டின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ரயிலும் படகும் வைத்துப் போட்ட கணக்குகளில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இதில் ஆள் இருந்தார்கள்.

"அந்த எடத்தத் தாண்டினதும் நேவிகேட்டர் ஒரு சத்தம் குடுப்பாரு. அதோட ஊரு முடிஞ்சுது. இனி எதுன்னாலும் முன்னாலதான்" என்றார் மாமா.

இந்த ஒரு புள்ளியோடு கணக்கு முடிவதில்லை. போர்ட் பிளேரில் மழை மூடிவிட்டால் அடுத்த இடம் கார் நிக்கோபார், தெற்கே இன்னும் 275 கிலோமீட்டர். அதற்கும் எண்ணெய் வேண்டும். காற்று மாறினால், மேகத்தைச் சுற்றிக்கொண்டு போனால், அதற்கும் வேண்டும். எண்ணெய் கூடினால் சுமை குறைய வேண்டும். தாம்பரத்தில் ஏற்றிய காய்கறி மூட்டையையோ அரிசி மூட்டையையோ இறக்கி வைக்கச் சொல்ல வேண்டும். தீவில் அந்த மூட்டைக்காக ஆட்கள் காத்திருப்பார்கள் என்று தெரிந்தே சொல்ல வேண்டும். தபால், மருந்து, லீவு முடிந்து திரும்பும் சிப்பாய்கள் எல்லாம் அந்த ஒரே விமானத்தில்தான் போனார்கள். திரும்பி வரும்போது நோயாளிகள் வருவார்கள். ஒரு பிரசவக்காரியை ஏற்றி வந்தபோது, வழியெல்லாம் காக்பிட்டுக்குள் ஒருவரும் குரலை உயர்த்திப் பேசவில்லை என்று மாமா சொன்னது அமுச்சிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வருகிற ஒரம்பரைகளிடமெல்லாம் அதைச் சொல்வாள்.

போர்ட் பிளேர் ஓடுபாதைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முனையில் கடல், மறுமுனையில் குன்று. கடல் பக்கமிருந்து இறங்கி, கடல் பக்கமாகவே ஏறிப் போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் அது விமானத்தின் வாலைப் பிடித்துத் தள்ளும். விமானம் இறங்க எதிர்க்காற்று வேண்டும். பின்காற்று என்றால் ஓடுபாதை போதாமல் போகும். அதனால்தான் அங்கே காலையிலேயே போய் இறங்கிவிடப் பார்ப்பார்கள், பொழுது ஏற ஏறக் காற்று கூடிவிடும். இப்போதும் அந்த மாதங்களில் பயணிகள் விமானம் போர்ட் பிளேர் வரை போய், இறங்க முடியாமல் திரும்பி வருவதுண்டு. எங்கள் ஆடிக்காற்றும் அங்கே வாலைப் பிடிக்கிற காற்றும் ஒரே பருவக்காற்றுதான் என்று மாமா சொன்னபோது, சாளைக்கதவை அடித்துச் சாத்துகிற காற்றின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கார் நிக்கோபார் மேடு பள்ளம் இல்லாத தட்டையான தீவு. அங்கே முதன்முதலில் ஓடுபாதை போட்டவர்கள் ஜப்பானியர்கள். 1942-இலிருந்து 1945 வரை தீவுகள் அவர்கள் கையிலிருந்தன. விமானப்படைக் குடியிருப்பு தென்னைகளுக்கு நடுவே, அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில். மாமா அங்கே தங்கிய நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவாராம்.

ஆனால் அவர் அதிகம் பேசியது கேம்பல் பே பற்றித்தான். பெரிய நிக்கோபார் தீவு, நம் நாட்டின் தென்கோடி. ஓடுபாதை ஒரு கிலோமீட்டர் நீளம்தான் இருக்கும். ஒரு பக்கம் கடல், சுற்றிலும் காடு. இறங்குவதற்கு முன் ஒரு ஜீப் போய் நாய், மாடு, சைக்கிள் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு வரும். சக்கரம் தரையைத் தொட வேண்டிய இடத்தில் தொட்டாக வேண்டும். கொஞ்சம் தள்ளித் தொட்டால் மறுமுனையில் நிற்க இடமிருக்காது. தொட்ட அந்தக் கணத்தில் புரொப்பெல்லரின் கோணத்தைத் திருப்பி இழுத்துப் பிடிக்கும்போது விமானம் முழுக்க அதிரும். மூட்டைகள் கயிற்றில் முறுகும் சத்தம் காக்பிட் வரை கேட்கும். மாமா இதைச் சொல்லும்போது அவர் வலது கை அவரை அறியாமல் பின்னால் இழுபடும். நாங்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே ஊர் உண்டு. 1969 முதல் முன்னாள் ராணுவத்தினரை நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு என்று பல பக்கத்து ஆட்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் "நம்மூருங்களா?" என்று ஒரு கிழவர் கேட்டாராம். அந்தக் குரலைக் கேட்டதும் மாமாவுக்கு இறங்கிய களைப்பே போய்விட்டது. கிழவர் பணமோ பொருளோ கேட்கவில்லை. அவரை விதையும் மொச்சை விதையும் கேட்டார். அடுத்த லீவில் மாமா வந்து சொன்னதும் அமுச்சி பானையில் சாம்பல் போட்டு வைத்திருந்த விதையை எடுத்து, வேட்டித்துணியில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். ஆடிப்பட்டம் அங்கே செல்லுமா என்று ஒரு சந்தேகம் அவளுக்கு. கோவை வட்டாரத்தில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அங்கே 3,000-க்கு மேல். "அத்தனெ மழையா, அழுகிப்போயிருமே சாமி" என்று கவலைப்பட்டாள். மொச்சை அழுகித்தான் போனது. அவரை மட்டும் வேலியில் ஏறிக் காய்த்தது என்று பிறகு சேதி வந்தது.

மாமாவின் சிநேகிதர் ஒருவர், எர்ணாகுளத்துக்காரர், ஒரு பொங்கலுக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தார். லட்சத்தீவின் அகத்தி ஓடுபாதைக்கு டார்னியர் ஓட்டியவர். 1988-இல் திறந்த ஓடுபாதை, நீளம் 1,200 மீட்டர். தீவே அந்தத் தென்முனையில் ஒடுங்கிப்போய், ஓடுபாதையின் அகலத்தோடு கொஞ்சம் மணலும் தென்னையுமாகத்தான் இருக்கும் என்றார். இடது கண்ணுக்குக் கடல், வலது கண்ணுக்கும் கடல். அவருடைய கவலை உப்பு. தீவுக்குப் போய் வந்த விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் எஞ்சினின் உள்ளே, தகடுகளின் இடுக்கிலெல்லாம் உப்பு உட்கார்ந்து அரித்துவிடும். விமானத்தைக் கழுவ எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்று அப்புச்சி கேட்டுவிட்டு, கிணற்றைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் அந்த மதியம் முழுக்கத் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள்.

பெரியவளான பிறகு இப்படிப்பட்ட ஓடுபாதைகளைப் பற்றிக் கண்ணில் படுவதையெல்லாம் படித்தேன். ஸ்காட்லாந்தின் பாரா தீவில் கடற்கரை மணல்தான் ஓடுபாதை. கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் விமான நேரம் குறிக்கிறார்கள். கரீபியன் கடலின் சபா தீவில் 400 மீட்டரில் இறங்குகிறார்கள். எங்கே படித்தாலும் அதே கவலைகள்தான்: காற்று, எண்ணெய், திரும்ப முடிகிற தூரம்.

மாமா பயத்தைப் பற்றிப் பேசியது அபூர்வம். ஒரே ஒரு தடவை, அமுச்சி தூங்கிய பிறகு, மழைமேகத்தைப் பற்றிச் சொன்னார். வங்காள விரிகுடாவில் இடிமேகம் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்குச் செவுரு மாதிரி எழும்பி நிற்கும். ஏஎன்-32 ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் திணறும். தாண்டிப் போக வழியில்லை, சுற்றித்தான் போக வேண்டும். ரேடாரில் அதன் நடுவயிறு தெரியும். எந்த இடைவெளி திறந்திருக்கும், எது உள்ளே போனதும் மூடிக்கொள்ளும் என்பதை ரேடார் சொல்லாது. வலப்பக்கம் போவதா இடப்பக்கம் போவதா என்று முடிவெடுக்க ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கும். "களத்துல போட்டமே ஒரு கணக்கு, அதுல இந்த மேகம் இல்ல கண்ணு" என்றார்.

2004 டிசம்பர் 26 காலை கார் நிக்கோபார் தளத்தின் மேல் கடல் ஏறியது. விமானப்படையினரும் அவர்கள் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். மாமா அப்போது வடக்கே தரைப்பணியில் இருந்தார். அவர் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கிய குடியிருப்பு அங்கே இல்லை. ஓடுபாதையின் ஒரு பகுதி பிழைத்திருந்தது. அவருடைய பழைய தோழர்கள் அதில்தான் விமானத்தை இறக்கி, மிஞ்சியவர்களை ஏற்றி வந்தார்கள். போனில் எங்களிடம் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெயர்களில் பலவற்றைக் களத்தில் கதை கேட்டபோதே எங்களுக்குத் தெரியும்.

2016 ஜூலை 22, ஆடி முதல் வெள்ளி. மாமா ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கே வந்துவிட்டிருந்தார். காலை எட்டரைக்குத் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 ரேடாரில் மறைந்துபோனது. உள்ளே 29 பேர். விமானம் சூலூரின் 33-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது, எண் கே-2743. இடிமேகத்தைத் தவிர்க்க வழிவிலகிப் போகக் கேட்டிருந்தார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். மாமா டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கப்பலும் விமானமுமாக வாரக்கணக்கில் தேடினார்கள். ஒரு துண்டும் கிடைக்கவில்லை.

2024 ஜனவரி 12, பொங்கலுக்கு முன்னால், அது கிடைத்த செய்தி வந்தது. சென்னையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, 3,400 மீட்டர் ஆழத்தில் படம் எடுத்திருந்தது. சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல். மாமா பத்திரிகையை என்னிடம் நீட்டி, "கணக்குப் போடு கண்ணு" என்றார். எனக்குப் பேனா தேவைப்படவில்லை. மேற்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் காற்று என்று அன்று களத்தில் கடலக்காயை நிறுத்திய இடத்துக்குப் பாதிதூரம்கூட அவர்கள் போயிருக்கவில்லை. எண்ணெய் இருந்தது, திரும்பும் தூரம் இருந்தது. சின்னப் பையன்கள் கணக்கில் தப்பு விட்டிருப்பார்கள் என்று எவனாவது பேசினால் சொல்லு, என்றார். குரல் கனத்திருந்தது.

பிறகு, அந்த ஏஎன்-32 மறைந்ததற்கு முந்தைய வருஷத்து விபத்தைச் சொன்னார். 2015 ஜூன் 8 அன்று கடலோரக் காவல்படையின் டார்னியர் ஒன்று சென்னையிலிருந்து போய் இதே போல மறைந்தது. அதில் தண்ணீருக்கடியில் ஒலியெழுப்பும் கருவி இருந்தது. ஐஎன்எஸ் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் அந்த ஒலியைப் பிடித்துக்கொடுக்க, அடுத்த மாதமே விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏஎன்-32-இல் அந்தக் கருவி இல்லை. 29 வீட்டார் ஏழரை வருஷம் காத்திருந்தார்கள். சில வீடுகளில் காரியம்கூடச் செய்யாமல் வைத்திருந்தார்களாம். கடலுக்கு மேல் போகிற ஒவ்வொரு விமானத்திலும் அந்தக் கருவி இருக்கிறதா என்று கேட்டு மாமா யார் யாருக்கோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. போன வாரம் எழுதியதில் 1,370 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கடல் மைலையும் போடச் சொன்னார்: 740.